கட்டடமே மருந்தாக இருந்த காலம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், வெஸ்டன் என்ற சிற்றூரில் பேய் பார்க்க நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். கால் மைல் நீளத்துக்குக் கையால் செதுக்கிய கல்லில் எழுப்பிய பழைய மனநல மருத்துவமனை அது. 1864-இல் முதல் நோயாளிகளைச் சேர்த்தது, 1994-இல் கதவடைத்தது. 2007-இல் ஏலத்துக்கு வந்து தனியார் கைக்குப் போனது. இப்போது அங்கே பகலில் வரலாற்றுச் சுற்றுலா, இரவில் ஆவிச் சுற்றுலா. வருகிறவர்கள் கூரைமேல் நிற்கும் வெள்ளைக் கோபுரங்களைத் தவறாமல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் திகிலாகத்தான் இருக்கும்.

இந்த வகைக் கட்டடங்களில் கூரைக் கோபுரத்தை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் விட்ட மூச்சுக்காற்று வெளியேறும் வழி அதுதான். அந்தக் கோபுரத்தின் வேலை புரிந்துவிட்டால், இருட்டு நடைபாதை, சுரங்க வழி, முடிவே இல்லாமல் நீளும் வார்டுகள் என்று அந்தக் கட்டடத்தில் பயமுறுத்தும் மற்றவையும் ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மருத்துவர் இருக்கிறார்.

பெயர் தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைடு. பிலடெல்பியாக்காரர், க்வேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். 1809-இல் பிறந்து 1883-இல் இறந்தார். வாழ்நாளில் பாதிக்கு மேல் ஒரே மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தார். 1849-இல் முன்னாள் நோயாளி ஒருவர் மரத்தில் ஒளிந்திருந்து அவர் தலையைக் குறிபார்த்துச் சுட்டார். கிர்க்பிரைடு பிழைத்துக்கொண்டார். 1866-இல், முதல் மனைவி இறந்து சில ஆண்டுகள் கழித்து, இன்னொரு முன்னாள் நோயாளியைத் திருமணம் செய்துகொண்டார். மனநோய் குணமாகும் என்று மேடையில் பேசுவது எவருக்கும் எளிது. இவர் அதைச் சொந்த வாழ்க்கையில் நம்பிக் காட்டியவர். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதைக்கு அவருடைய நூலைவிட இதுதான் காரணம்.

ஆனால் உலகத்துக்குத் தெரிந்தது நூல்தான். மனநல மருத்துவமனையை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்று 1854-இல் அவர் எழுதியது. அதன் அடிப்படைக் கருத்து இன்று நமக்கு விநோதமாகப் படும்: கட்டடம் மருந்தை வைத்திருக்கும் இடமல்ல, கட்டடமே மருந்து. அன்றைக்கு வேறு மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அபின் இருந்தது, பேதிக்குக் கொடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். நோயைக் கிருமி உண்டாக்குகிறது என்ற கொள்கை இன்னும் நிலைபெறவில்லை. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று பெரிய மருத்துவர்களும் நம்பினார்கள். குடும்பச் சச்சரவும் நகரத்து இரைச்சலும் மனத்தைக் கெடுக்கின்றன. ஆளை அங்கிருந்து பெயர்த்து நல்ல காற்றும் வெளிச்சமும் ஒழுங்கான வேலையும் உள்ள இடத்தில் வைத்தால் மனம் தானே தேறும் என்பது அவர்களுடைய கணிப்பு.

அதற்கு முன்பு மனநோயாளிகள் இருந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். ஏழைகளுக்கான விடுதிகளிலும் சிறைக்கூடங்களிலும் சங்கிலியில் கிடந்தார்கள். டொரொத்தியா டிக்ஸ் என்ற ஆசிரியை மாநிலம் மாநிலமாகப் போய் இந்தக் கொடுமையை எழுதிச் சட்டமன்றங்களின் முன் வைத்தார். அவருடைய விடாமுயற்சியால் நியூஜெர்சியின் ட்ரெண்டனில் 1848-இல் ஒரு மருத்துவமனை திறந்தது. கிர்க்பிரைடு முறையில் எழுந்த முதல் கட்டடம் அதுதான்.

முறை இதுதான். நடுவில் நிர்வாகக் கட்டடம். அதன் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஒவ்வொரு பக்கமும் வார்டுகள் ஒரே நேர்கோட்டில் ஓடாமல், ஒன்றைவிட அடுத்தது சற்றுப் பின்னுக்குத் தள்ளி நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் வௌவால் சிறகு விரித்த வடிவம். பேய்க் கதைக்காரர்களுக்கு இந்த வடிவம் ஒரு வரப்பிரசாதம். கிர்க்பிரைடுக்கு வேண்டியதோ காற்றும் வெளிச்சமும்தான். நேர்கோட்டில் கட்டியிருந்தால் ஒரு வார்டின் கடைசிச் சுவர் அடுத்த வார்டை அடைத்துவிடும். பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் ஒவ்வொரு வார்டின் நடைபாதைக்கும் முனையில் திறந்த வெளி கிடைக்கும். அமைதியாக இருப்பவர்களுக்கு நடுக் கட்டடத்தை ஒட்டிய வார்டு, கூச்சலிடுகிறவர்களுக்குக் கடைக்கோடி வார்டு. குணமாகக் குணமாக நோயாளி மையத்தை நோக்கி நகர்வார். எந்த வார்டில் இருக்கிறார் என்று கேட்டாலே நிலைமை தெரிந்துவிடும்.

கூரை குறைந்தது 12 அடி உயரம் இருக்க வேண்டும். ஜன்னலில் சிறைக் கம்பி தெரியக் கூடாது என்பதற்காக, கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தையே இரும்பில் வார்த்து, வீட்டு ஜன்னல்போலத் தோன்றச் செய்தார்கள். காற்றுக்குத்தான் பெரிய ஏற்பாடு. நீராவி எந்திரத்தால் சுழலும் ராட்சத விசிறி ஒன்று வெளிக்காற்றை இழுத்து அடித்தளத்துக்குள் தள்ளும். அங்கே நீராவிக் குழாய்கள் அதைச் சூடாக்கும். சூடான காற்று சுவருக்குள் கட்டிய செங்குத்துக் குழல்கள் வழியே மேலேறி வார்டுக்குள் நுழையும். அசுத்தக் காற்று வேறு குழல்களில் ஏறிப் பரணுக்குப் போய், கூரைக் கோபுரம் வழியாக வெளியேறும். கொதிகலன் கூடம் தீ விபத்துக்கு அஞ்சித் தனியாக, தள்ளி இருக்கும். அதையும் மருத்துவமனையையும் நிலத்தடிச் சுரங்கம் இணைக்கும். பிணங்களை ரகசியமாகக் கொண்டுபோன வழி என்று இன்றைக்குக் கதை கட்டும் சுரங்கங்களில் பெரும்பாலானவை நீராவிக் குழாய் போன வழிகள்தான்.

காற்றைப் பற்றிய கொள்கை தவறு. ஆனாலும் ஏற்பாடு பலன் தந்தது. நெருக்கடியில் காசநோய் காட்டுத்தீயாகப் பரவிய காலத்தில், மணிக்கணக்கில் புதுக்காற்று வந்துபோகும் வார்டு எத்தனை உயிரைக் காக்கும் என்பதைக் கொரோனாவைப் பார்த்துவிட்ட நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கட்டடம் என்ற இந்த மருந்துக்கு ஒரு கட்டாயம் உண்டு: அளவு. அமெரிக்க மனநல மருத்துவமனைத் தலைவர்களின் சங்கம் 1851-இல் வகுத்த விதிகளில், ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் கூடாது, 200 என்றால் இன்னும் நல்லது என்று எழுதிவைத்தார்கள். தலைமை மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் முகம் தெரிந்து நடத்த வேண்டும் என்பது காரணம். 1866-இல் அதே சங்கம் 600 வரை போகலாம் என்று தளர்ந்தது. அதன்பின் எவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. 250 பேருக்கென்று திட்டமிட்ட வெஸ்டனில் 1950-களில் 2,400 பேர் இருந்தார்கள்.

எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர்? மனநோய் திடீரென்று பெருகவில்லை. பெரிய பங்கு கணக்குப் புத்தகத்தின் வேலை. முதியவர்களையும் ஆதரவற்றவர்களையும் பராமரிப்பது உள்ளூர் மாவட்டத்தின் செலவு. மனநோயாளிகளைப் பராமரிப்பது மாநிலத்தின் செலவு. நியூயார்க் மாநிலம் 1890-இல் மனநோயாளிகளின் முழுச் செலவையும் தானே ஏற்றதும், மாவட்டங்கள் தங்கள் விடுதிகளில் இருந்த நினைவு தப்பிய கிழவர் கிழவிகளை மனநோயாளிகள் என்று எழுதி அனுப்பத் தொடங்கின. மற்ற மாநிலங்களிலும் இதேபோல நடந்தது. குணமாகி வீடு திரும்புகிறவர்களுக்காகக் கட்டிய இடம், திரும்பப் போக வழியில்லாதவர்களால் நிரம்பியது.

அந்த வார்டுகளில் இருந்த இன்னும் சிலரைப் பற்றிச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். அவர்களுக்கு வந்தது இன்றைய பொருளில் மனநோயே அல்ல. பெரும்பெருமை பேசுவார்கள், தங்களை அரசர் என்பார்கள், பிறகு கைகால் விழும், சில ஆண்டுகளில் சாவு. 1913-இல் நோகுச்சியும் மூரும் அப்படி இறந்தவர்களின் மூளைத் திசுவில் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். வியன்னாவில் வாக்னர்-யாவுரெக் 1917-இல் இந்த நோயாளிகளுக்கு மலேரியா ரத்தத்தை ஏற்றினார். கடும் காய்ச்சல் கிருமியைக் கொல்லும், பிறகு மலேரியாவைக் குயினைனால் அடக்கிவிடலாம் என்பது அவர் துணிச்சல். சிலர் அந்தச் சிகிச்சையிலேயே இறந்தார்கள், பலர் தேறினார்கள். 1927-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1940-களில் பென்சிலின் வந்தது. அந்த வகை வார்டே தேவையில்லாமல் போனது.

இன்னொரு கூட்டம் பெல்லாக்ரா நோயாளிகள். தோல் கருத்து உரியும், வயிறு கெடும், கடைசியில் புத்தி தடுமாறும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகளிடையே இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இது கொள்ளைநோய்போலப் பரவியது. கிருமிதான் என்று எல்லோரும் தேடினார்கள். 1914-இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவரை அனுப்பினார்கள். அவர் மனநல மருத்துவமனைகளையும் அனாதை இல்லங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் எளிய கேள்வி கேட்டார். நோயாளிகளோடு இரவும் பகலும் இருக்கும் பணியாளர்களுக்கு ஏன் இது தொற்றுவதே இல்லை? இரு தரப்புக்கும் உள்ள வித்தியாசம் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. நோயாளிக்கு மக்காச்சோளக் கூழும் சர்க்கரைப்பாகும் கொழுப்புத் துண்டும். பணியாளருக்கு இறைச்சி, பால், முட்டை.

ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் மருத்துவமனை ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்டிருந்தது. இன்று அதன் பெரும்பாலான கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே நோயாளிகளுக்குப் பால், இறைச்சி, பயறு கூட்டிக் கொடுத்துப் பார்த்தார் கோல்ட்பெர்கர். மறு வருடம் நோய் திரும்பவில்லை. அப்படியும் நம்ப மறுத்தவர்களுக்காக 1916-இல் அவரும் சக மருத்துவர்களும் அவருடைய மனைவியும் பெல்லாக்ரா நோயாளிகளின் ரத்தத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். ஆண்கள் தோல் செதிலையும் மலத்தையும்கூட மாவில் பிசைந்து விழுங்கினார்கள். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் நயசின் என்ற வைட்டமின் குறைவு என்பதை எல்வெஜெம் 1937-இல் கண்டறிந்தபோது கோல்ட்பெர்கர் உயிரோடு இல்லை. மக்காச்சோளத்தில் நயசின் இருந்தாலும் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். மெக்சிகோவில் காலங்காலமாகச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அதை அவிழ்த்துவிடுகிறார்கள். பயிரை வாங்கிக்கொண்ட வெள்ளையர் சமையல் முறையை வாங்கவில்லை. தக்காணத்தில் மக்காச்சோளமே உண்ணாத, சோளச் சோறு உண்ணும் ஏழைகளுக்கும் இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சுட்டிக்காட்டியவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். 1960-இல் ஐதராபாத்திலிருந்து வெளிவந்தது அந்த ஆய்வு.

மூளையில் கத்தி வைத்த லொபாட்டமி, இன்சுலின் மயக்கம் எல்லாம் சிகிச்சைகளாக வந்துபோயின. அவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. கட்டடங்களைக் காலி செய்ததில் பெரிய பங்கு குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரைக்கு உண்டு. 1950 டிசம்பரில் பிரான்சில் ஒவ்வாமை மருந்து ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக உருவானது. லபோரி என்ற அறுவை மருத்துவர், அதைப் போட்டவர்கள் தூங்காமலேயே பதற்றமற்றுக் கிடப்பதைக் கவனித்தார். 1952-இல் பாரிஸின் டெலேயும் டெனிகெரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். குரல் கேட்பதும் வெறியும் அடங்கின. கை நடுக்கம், உடல் விறைப்பு என்று விலையும் இருந்தது. 1954-இல் அமெரிக்காவுக்கு வந்தது. மறு வருடம், அதாவது 1955-இல், அந்நாட்டு அரசு மனநல மருத்துவமனைகளில் 5,58,000 பேர் இருந்தார்கள். அதுதான் உச்சம்.

மாத்திரை கதவைத் திறந்தது. தள்ளிவிட்டது மறுபடியும் கணக்குப் புத்தகம். 1965-இல் வந்த மெடிகெய்ட் திட்டத்தில் மைய அரசு முதியோர் இல்லங்களுக்குப் பணம் தந்தது. மனநல மருத்துவமனையில் இருக்கும் நடுவயதினருக்குத் தரவில்லை. மாநிலங்கள் முதியவர்களை அள்ளி முதியோர் இல்லங்களுக்கு மாற்றின. முக்கால் நூற்றாண்டுக்கு முன் எந்தக் காரணத்துக்காக உள்ளே வந்தார்களோ, அதே காரணத்துக்காக வெளியே போனார்கள்.

ஆள் போனதும் கட்டடம் சாகத் தொடங்கும். இதற்கும் ஒரு வரிசை உண்டு. முதல் எதிரி தண்ணீர். கூரை மடிப்புகளில் பதித்த செம்புத் தகட்டைத் திருடர்கள் உரித்துப் போவார்கள், அல்லது வடிகாலை இலை அடைக்கும். ஒழுகல் தொடங்கும். கொதிகலனை அணைத்துவிட்டதால் சுவர் உலர்வதில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து பூச்சை நெம்பும், வசந்தத்தில் உருகும், மறுபடி உறையும்.

கைவிட்ட கட்டடங்களுக்குள் புகுந்து படம் எடுப்பவர்கள் உயிரை விடுவது சுவரில் பெரிய பெரிய சுருள்களாகத் தொங்கும் வண்ணப்பூச்சுக்காக. அது பழைய ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு. அந்த எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. பல பத்தாண்டுகளுக்கு இறுகிக்கொண்டே, சுருங்கிக்கொண்டே இருக்கும். அரசு நிறுவனங்களில் வழக்கமாகச் செய்வதுபோல, பழையதைச் சுரண்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போயிருப்பார்கள். மேலடுக்கு இழுக்க, ஈரம் ஏறிய சுவர் அடியிலிருந்து பிடியை விட்டுவிட, கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் வெடித்து ஓரம் மடங்குவதைப்போலப் பூச்சு முழுதும் சுருண்டு எழும். இரண்டிலும் நடப்பது ஒரே இயற்பியல்.

அந்தப் பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது. உதிர்ந்து தூளாகித் தரையில் கிடக்கிறது. மூச்சில் போனால் ஈயம் தாக்கும் முக்கியமான உறுப்பு மூளை. நீராவிக் குழாய்களைச் சுற்றியிருப்பது கல்நார். அதன் இழை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரும். புறா எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வளரும். தரை உறுதியாகத் தெரியும், அடியில் உத்தரம் மக்கியிருக்கும். அத்துமீறி நுழைவது சட்டப்படியும் குற்றம். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெஸ்டனுக்கு முறையாகச் சீட்டு வாங்கிப் போகலாம். நியூயார்க் மாநிலம் பஃபலோவில் எச்.எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்த மருத்துவமனையின் ஒரு பகுதி தங்கும் விடுதியாகவே மாறிவிட்டது.

அதே மாநிலத்தில் செனெகா ஏரிக்கரையில் வில்லர்ட் மருத்துவமனை. குணமாகாதவர்கள் என்று முடிவு கட்டியவர்களுக்காகவே 1869-இல் திறந்தது. சுமார் ஐம்பதாயிரம் பேர் உள்ளே போயிருக்கிறார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அங்கேயே இறந்தார்கள். 1995-இல் மூடும்போது ஒரு கட்டடத்தின் பரணில் நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. ஆண்கள், பெண்கள் என்று பிரித்து, எழுத்து வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார்கள். 1910 முதல் 1960-கள் வரை சேர்க்கப்பட்டவர்கள் வந்த அன்று கையில் கொண்டுவந்தவை. குடும்பப் படங்கள், கடிதங்கள், தையல் சாமான்கள், அலாரம் கடிகாரம், நல்ல உடுப்பு ஒன்று. மருத்துவமனை இயங்கிய வரையில் கூரை ஒழுகாமல் இருந்ததால் இவை மக்காமல் தப்பின. இன்னும் சில குளிர்காலம் கழித்து வந்திருந்தால் கிடைத்திருப்பது சேறுதான். மாநில அருங்காட்சியகம் அவற்றை எடுத்துக்கொண்டது. டார்பி பென்னியும் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் பெட்டிகளையும் மருத்துவப் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து 2008-இல் ஒரு நூல் எழுதினார்கள். பதிவேட்டில் அறிகுறி மட்டும் இருக்கும். வேலை, காதல், படிப்பு, கடல் கடந்த பயணம் எல்லாம் பெட்டியில் இருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் 5,700-க்கும் மேற்பட்டவர்கள் புதைந்திருக்கிறார்கள். குழிகளின்மேல் பெயர் இல்லை, எண் மட்டும். அவற்றில் சுமார் 1,500 குழிகளை வெட்டியவர் ஒரு நோயாளி. 1968-இல் தொண்ணூறு வயதில் அவர் இறந்தபோது அவரையும் அங்கேயே புதைத்தார்கள். 2015-இல்தான் அவர் பெயர் ஒரு நினைவுப் பலகையில் ஏறியது.

இந்த மருத்துவமனைகளை மூடியது சரியா என்றால், சரிதான். மாற்று இல்லாமல் மூடியது சரியில்லை. 1963-இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தின்படி ஊர் ஊராக 1,500 மனநல மையங்கள் எழும்ப வேண்டும். ஏறக்குறைய பாதிதான் எழுந்தன. இன்று அமெரிக்காவில் மனநோயாளிகள் மிக அதிகமாக அடைந்திருக்கும் இடங்கள் என்று லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டச் சிறை, சிகாகோவின் குக் மாவட்டச் சிறை, நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறை ஆகியவற்றைத்தான் சொல்கிறார்கள். வில்லர்ட் வளாகத்தையும் 1995-இல் மருத்துவமனை மூடிய கையோடு சிறைத்துறை எடுத்துக்கொண்டது. போதைப்பொருள் வழக்குக் கைதிகளை அங்கே வைத்திருந்தார்கள். 2022-இல் அதையும் மூடிவிட்டார்கள்.